சேர்வராயன் மலையும் கண்ணாடி நிலையும்: அதிகுளிர்ந்த திரவங்களின் இயற்பியல் குறித்த சொற்பொழிவு



கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் மேலே ஏற்காட்டைத் தாங்கி நிற்கும் சேர்வராயன் மலை, படிகங்கள் நெருங்கிச் செறிந்த சார்னோக்கைட் என்னும் பாறையால் ஆனது. அம்மலையிலிருந்து தென்கிழக்கே ஆத்தூர்ப் பள்ளத்தாக்கைக் கடந்து கங்கவல்லிப் பகுதிக்குச் சென்றால், அதே சார்னோக்கைட் என்றோ ஒருநாள் நொடிப்பொழுதில் உருகி, படிகமாக முழு அவகாசம் கிட்டாமலே இறுகிப்போன கரிய நரம்புகளைப் பாறைகளுக்குள் காணலாம். இரண்டிலும் இருக்கும் தனிமங்கள் பெரும்பாலும் ஒன்றே. சிலிக்கனும் ஆக்சிஜனும் அலுமினியமும் இரண்டிலும் உண்டு. ஆனால் ஒன்றுக்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடைத்தன, மற்றொன்றுக்குச் சில நொடிகளோ நிமிடங்களோதாம் கிடைத்தன.

இவ்வுரை நிறுவ முற்படும் கருத்து இந்த வேறுபாட்டிலேயே அடங்கியிருக்கிறது. ஒரு திரவம் குளிரும்போது படிகமாகுமா, கண்ணாடியாகுமா என்பதை அதன் வேதியியல் மட்டும் முடிவு செய்வதில்லை. மூலக்கூறுகள் இடம் மாறி ஒழுங்குபெறத் தேவைப்படும் காலத்துக்கும், சூழல் அவற்றுக்கு விட்டுக்கொடுக்கும் காலத்துக்கும் உள்ள விகிதமே முடிவு செய்கிறது. பாறை, தேன், காப்பி, விதை என ஒன்றோடொன்று தொடர்பற்றவையாகத் தோன்றும் பொருள்கள் அனைத்தும் இந்த ஒரே விகிதத்துக்குக் கட்டுப்பட்டவை என்பதும், அவ்விகிதம் ஏன் அவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதற்கு இயற்பியல் இன்னும் முழுமையான விடை காணவில்லை என்பதும் இங்கு விளக்கப்படும்.

உறைநிலைக்குக் கீழும் திரவம்

உறைநிலையைத் தாண்டிக் குளிர்ந்த திரவம் உறைந்தே தீரும் என்பது பொதுவான எண்ணம். வெப்ப இயக்கவியல் உரைப்பது இதைவிடக் குறைவானது. உறைநிலைக்குக் கீழே படிகத்தின் கட்டிலா ஆற்றல், அதாவது வேலையாக மாற்றத்தக்க ஆற்றல், திரவத்தினுடையதைவிடக் குறைவு என்பதால் படிகமே நிலையான வடிவம் என்று அது கூறுகிறதே தவிர, அவ்வடிவத்தைத் திரவம் எப்போது அடையும் என்பதைப் பற்றி அது எதுவும் கூறுவதில்லை. உறைநிலைக்குக் கீழே வந்த பின்னும் உறையாமல் நிற்கும் திரவமே அதிகுளிர்ந்த திரவம் எனப்படுகிறது. வெப்பமானி அளவீட்டுக்குப் பெயர்பெற்ற டேனியல் ஃபாரன்ஹீட், மூடிய குடுவையில் இருந்த நீர் உறைநிலைக்குக் கீழும் திரவமாகவே நிற்பதையும், கலக்கப்பட்டவுடன் அதில் பனிக்கட்டி பரவுவதையும் கண்டு 1724இல் வெளியிட்டார்.

இத்தாமதத்துக்குக் காரணம், படிகம் பிறப்பதற்கு முதலில் ஒரு விலை கொடுக்க வேண்டியிருப்பதே. திரவத்துக்குள் சில மூலக்கூறுகள் தற்செயலாக ஒழுங்காக அமைந்து ஒரு சிறு கருவை உண்டாக்கும்போது, அக்கருவின் கன அளவுக்கு ஏற்ப ஆற்றல் குறைகிறது. ஆனால் அதற்கும் திரவத்துக்கும் இடையே புதிதாகத் தோன்றும் பரப்பு ஆற்றலைக் கேட்கிறது. கரு மிகச் சிறியதாக இருக்கும் வரை பரப்பின் செலவே மிகுதி என்பதால் அது கரைந்துவிடுகிறது; ஒரு குறிப்பிட்ட அளவைத் தற்செயலாகத் தாண்டிய கருவே வளர்கிறது. தூசியும் கலத்தின் சுவரும் இச்செலவைக் குறைத்துக் கொடுப்பதால், அழுக்குள்ள நீர் விரைவில் உறைகிறது. தூய நுண்துளிகளோ ஏறத்தாழ -38 °C வரை திரவமாகவே தாக்குப்பிடிக்கின்றன.

ஏற்காட்டில் நீர் இந்த அளவுக்குக் குளிர்வதில்லை என்றாலும், அம்மலைக்கு மேலே குளிர்கிறது. சித்திரை, வைகாசி மாதங்களின் பிற்பகலில் மலைமேல் எழும் இடிமேகம், தமிழகத்தின் மேல் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் சுழியப் பாகை மட்டத்தைத் தாண்டி மேலே வளரும்போது, அதன் துளிகளில் பெரும்பகுதி உறையாமல் அதிகுளிர்ந்த நிலையில் மிதக்கிறது. அத்துளிகள் ஒரு பனித்துகளின்மேல் மோதியவுடன் உறைந்து ஒட்டிக்கொள்வதாலேயே ஆலங்கட்டி உருவாகிறது. ஆகவே கோடை மழையோடு காப்பித் தோட்டத்தில் விழும் ஒவ்வோர் ஆலங்கட்டியும் அதிகுளிர்ந்த நீரின் விளைபொருளே.

உலோகங்களும் இதற்கு விலக்கல்ல என்பதை டேவிட் டர்ன்புல் 1950 அளவில் காட்டினார். திரவ உலோகத்தை மிகச் சிறு துளிகளாகப் பிரித்து, பெரும்பாலான துளிகளில் தூசியே இல்லாதவாறு செய்தபோது, உறைநிலைக்கு வெகு கீழும் அவை திரவமாக நின்றன. அதற்கு விளக்கமாக 1952இல் சார்லஸ் ஃபிராங்க், திரவ உலோகத்தில் ஓர் அணுவைச் சுற்றிப் பன்னிரண்டு அணுக்கள் இருபது முகங்கள் கொண்ட உருவமாக அமைவது ஆற்றலளவில் சாதகமானது என்றும், ஐந்துமடிச் சமச்சீர் கொண்ட அவ்வுருவத்தை வெளி முழுவதும் இடைவெளியின்றி அடுக்கிப் படிகமாக்க இயலாது என்றும் எடுத்துரைத்தார். அருகிலுள்ளவற்றோடு மட்டும் இணங்கி அமையும் ஒழுங்கு, தொலைவு வரை நீளும் ஒழுங்குக்குத் தடையாக இருக்கக்கூடும் என்னும் இக்கருத்து, கண்ணாடி பற்றிய பின்னாளைய சிந்தனைகள் பலவற்றுக்கு வேராயிற்று.

தேனில் நடக்கும் போட்டி

வெப்பநிலை குறையக் குறையப் படிகமாகும் உந்துதல் மிகுகிறது; அதே வேளையில் திரவத்தின் பாகுநிலையும், அதாவது ஒழுகுவதற்கு அது காட்டும் எதிர்ப்பும், மிகுகிறது. உந்துதல் இருந்தாலும் மூலக்கூறுகள் நகர இயலாவிட்டால் படிகம் வளராது. நகர முடிந்தாலும் உந்துதல் இல்லாவிட்டால் அது பிறக்காது. ஆகவே படிகமாகும் வேகம் உறைநிலையை ஒட்டியும் குறைவு, மிகத் தாழ்ந்த வெப்பநிலையிலும் குறைவு. இரண்டுக்கும் நடுவே ஓரிடத்தில்தான் அது உச்சம் அடைகிறது.

சேர்வராயன் மலைத் தேன் இதற்கு நேரான சான்று. தேனில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரைகள், எஞ்சியது பெரும்பாலும் நீர். சர்க்கரைகளுள் ஃபிரக்டோஸ் நீரில் எளிதாகக் கரைந்து நிற்கிறது, குளுக்கோஸ் அப்படி நிற்பதில்லை. அறை வெப்பநிலையில் அந்த நீர் தாங்கக்கூடிய அளவைவிட மிகுதியான குளுக்கோஸ் தேனில் இருப்பதால், தேன் ஓர் அதிதெவிட்டிய கரைசல்; தூய திரவத்தின் அதிகுளிர்ச்சிக்குப் பொருந்தும் விதிகளே அதற்கும் பொருந்தும். தேன் மிக விரைவாகப் படிகமாகும் வெப்பநிலை ஏறத்தாழ 14 °C என்பது தேன் ஆய்வாளர்கள் நெடுங்காலமாக அறிந்த செய்தி. மார்கழி, தை மாதங்களில் ஏற்காட்டு இரவுகளின் குளிரும் அதை ஒட்டியதே. ஆகையால் சேலத்து வெயிலில் மாதக்கணக்கில் தெளிவாக நிற்கும் தேன், மலைமேல் குளிர்காலத்தில் வெண்மையாக உறைந்துபோவது கலப்படத்தின் அடையாளம் அன்று. படிகமாகும் வேகத்தின் உச்சத்தில் அத்தேன் சில வாரங்களைக் கழித்திருக்கிறது என்பதற்கே அது அடையாளம். அதே தேனை உறைகுளிர்ப் பெட்டியில் -20 °C அளவில் வைத்தால், படிகமாகும் உந்துதல் மிகுந்திருந்தும், பாகுநிலை அதைவிடப் பன்மடங்கு பெருகிவிடுவதால் அது நெடுநாள் தெளிவாகவே நிற்கும். இன்னும் குளிர்வித்து ஏறத்தாழ -40 °C அளவை எட்டும்போது தேன் ஒழுகுவதையே நிறுத்திக் கண்ணாடியாகிவிடுகிறது.

இவ்வாறு, படிகமாகும் வேகத்தின் உச்சத்தை ஒரு திரவம் போதிய விரைவோடு கடந்துவிட்டால், அதன் பின்னர்ப் படிகத்துக்கு வழியே இல்லாமல் போகிறது. கண்ணாடி உருவாவதன் முதல் நிபந்தனை இதுவே. எவ்வளவு விரைவு போதும் என்பது பொருளுக்குப் பொருள் மாறுபடுகிறது. உருகிய சிலிக்கா உறைநிலையிலேயே மிகக் கெட்டியானது என்பதால் அதை எவ்வளவு மெதுவாகக் குளிர்வித்தாலும் பெரும்பாலும் கண்ணாடியே கிடைக்கிறது. ஏற்காட்டு மலைத்தலையில் சார்னோக்கைட் சிதைந்து உண்டான பாக்சைட்டிலிருந்து மேட்டூரில் உருக்கி எடுக்கப்பட்ட அலுமினியமோ, 660 °C அளவில் உருகியவுடன் ஏறத்தாழ நீரைப் போலவே இளகி ஓடுவதால், அது குளிரும்போது படிகமாகாமல் தடுப்பது அரிதினும் அரிது. கலிபோர்னியத் தொழில்நுட்ப நிறுவனத்தில் போல் டுவே தம் மாணவர்களோடு 1960இல் தங்கமும் சிலிக்கனும் கலந்த உருகலை நொடிக்குப் பத்து இலட்சம் பாகை அளவிலான வேகத்தில் குளிர்வித்து முதல் உலோகக் கண்ணாடியைப் பெற்றார். அலுமினியத்தைப் பெரும்பங்காகக் கொண்ட வலிய உலோகக் கண்ணாடிகள் 1988இல்தான் கைகூடின.

கண்ணாடி நிலைமாற்றம்

படிகமாவதைத் தவிர்த்துக் குளிரும் திரவத்தில் என்ன நடக்கிறது என்பதை எண்களால் அறிவது நலம். அறை வெப்பநிலையில் நீரின் பாகுநிலை ஏறத்தாழ 0.001 பாஸ்கல் நொடி. கிளிசரினுடையது அதைப்போல ஆயிரம் மடங்குக்கு மேல். தேனுடையது ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு. சன்னல் கண்ணாடியைப் போன்ற உருகலைக் கைவினைஞர் ஊதியும் இழுத்தும் வடிவமைக்கும் நிலையில் அது 1,000 பாஸ்கல் நொடி அளவில் இருக்கிறது. இன்னும் குளிர்வித்தால் பாகுநிலை படிப்படியாகவும் பின்னர்த் திடுமெனவும் உயர்ந்து, பத்தின் பன்னிரண்டாம் அடுக்கான பாஸ்கல் நொடியை, அதாவது ஓர் இலட்சம் கோடியை எட்டுகிறது. அந்நிலையில் மூலக்கூறுகள் தம் அமைப்பை ஒருமுறை மாற்றிக்கொள்ள ஏறத்தாழ நூறு நொடிகள் ஆகின்றன. இக்காலத்தைத் தளர்வு நேரம் என்பர். ஆய்வுக்கூடத்தில் பொறுமையோடு அளக்கத்தக்க கால எல்லையை ஒட்டியது இது என்பதால், தளர்வு நேரம் இதை எட்டும் வெப்பநிலையே கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை எனக் கொள்ளப்படுகிறது. தூய சிலிக்காவுக்கு அது ஏறத்தாழ 1,200 °C. சன்னல் கண்ணாடிக்கு 550 °C அளவு. கிளிசரினுக்கு -83 °C. நீருக்கு -137 °C அளவு.

இம்மாற்றம் நீர் பனிக்கட்டியாவது போன்றதன்று. உறைதலில் உள்ளுறை வெப்பம் வெளிப்படுகிறது, அடர்த்தி சட்டென மாறுகிறது, வெப்பநிலையும் ஒவ்வொரு பொருளுக்கும் உறுதியானது. கண்ணாடி நிலைமாற்றத்தில் உள்ளுறை வெப்பம் இல்லை. அடர்த்தி தொடர்ந்தே மாறுகிறது, அது மாறும் வீதம் மட்டும் ஒரு வளைவைக் காட்டுகிறது. பத்து மடங்கு மெதுவாகக் குளிர்வித்தால் அவ்வளைவு தோன்றும் வெப்பநிலையே சில பாகைகள் கீழே இறங்கிவிடுகிறது. எக்ஸ் கதிர்களைச் செலுத்திப் பார்த்தால், திரவத்திலும் கண்ணாடியிலும் அணுக்களின் அமைப்பு ஏறத்தாழ ஒன்றாகவே தெரிகிறது. அமைப்பில் கண்ணுக்குப் புலப்படும் மாறுதல் இன்றி, இயக்கம் மட்டும் பத்தின் பதினைந்தாம் அடுக்களவு மந்தமாகிவிடுவது எப்படி என்பதே கண்ணாடி இயற்பியலின் மையக் கேள்வி.

திரவ மூலக்கூறு ஒன்று அண்டை மூலக்கூறுகளாலான கூண்டுக்குள் அடைபட்டிருப்பதாகக் கொள்வது இதைப் புரிந்துகொள்ள உதவும். தேர்த்திருவிழாவில் நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்தில் ஒருவர் தம் இடத்தைவிட்டு நகர வேண்டுமானால் அடுத்தவர் வழிவிட வேண்டும், அவருக்கு வழிவிட அவரை அடுத்தவர் நகர வேண்டும் என்று அத்தேவை பலரையும் பற்றிப் படர்வது போல, குளிர்ந்து நெருங்கிய திரவத்தில் ஒரு மூலக்கூறு கூண்டைவிட்டு வெளியேறுவதற்குப் பல மூலக்கூறுகள் ஒருங்கே இசைந்து நகர வேண்டியிருக்கிறது.

கண்ணாடி திரவமே என்றும், பழைய தேவாலயச் சன்னல்கள் நூற்றாண்டுக்கணக்கில் ஒழுகியே அடியில் தடித்திருக்கின்றன என்றும் பள்ளிப் பாடங்கள் வழியாகப் பரவிய கூற்றை இவ்விடத்தில் மறுக்க வேண்டும். இங்கிலாந்தின் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயக் கண்ணாடியின் இயைபைக் கொண்டு செய்த அளவீடுகள் 2018இல் வெளியாயின. அவற்றின்படி அக்கண்ணாடி நூறு கோடி ஆண்டுகளிலும் ஒரு நானோமீட்டர் அளவே ஒழுகக்கூடும். தடிமன் வேறுபாடு அக்காலத்துக் கண்ணாடித் தட்டுகள் ஊதிச் சுழற்றிச் செய்யப்பட்ட முறையால் வந்தது. கண்ணாடி அமைப்பால் திரவத்தை ஒத்தது, இயக்கத்தால் திண்மத்தை ஒத்தது. அதன் மூலக்கூறுகள் எந்த வெப்பநிலையில் அசைவிழந்தனவோ அந்த வெப்பநிலைத் திரவத்தின் அமைப்பையே அது தன்னுள் நிலைநிறுத்திக்கொண்டிருக்கிறது.

தமிழ்நாட்டைச் சேர்ந்த அறிவியலாளரின் ஆய்விலும் இவ்வுண்மைக்கு இடம் உண்டு. ச. வெ. இராமன் 1927இல் படிக ஒழுங்கற்ற திண்மங்கள் ஒளியைச் சிதறடிப்பது பற்றி ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். ஒளியியல் கண்ணாடி எவ்வளவு தூயதாயினும் ஒளியைச் சிதறடிக்கிறது என்பது அதன் பொருள். அக்காலத்தில் அவருடைய ஆய்வுக்கூடத்தில் எஸ். வேங்கடேஸ்வரன், எளிதில் படிகமாகாத பாகான கிளிசரினில் சிதறிய சூரிய ஒளி நீலமாக இராமல் பளிச்சென்ற பச்சையாக இருப்பதைக் கண்டது, 1928இல் இராமன் விளைவு கண்டறியப்படுவதற்கு வழிகோலிய தடயங்களுள் ஒன்று. கண்ணாடியில் ஒளி சிதறுவதற்கு ஒரு காரணம், திரவமாக இருந்தபோது ஓயாது மாறிக்கொண்டிருந்த அடர்த்தி ஏற்ற இறக்கங்கள் கண்ணாடி நிலைமாற்றத்தில் அப்படியே நின்றுவிடுவது. இன்று சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கடலடியில் செய்தி கொண்டுசெல்லும் ஒளியிழைகளில் ஒளி படிப்படியாக மங்குவதற்கு முதன்மைக் காரணமும் அதுவே.

மலையின் பாறையும் பிளவின் கண்ணாடியும்

சார்னோக்கைட் என்னும் பெயரை 1893இல் சூட்டியவர் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் தாமஸ் ஹென்றி ஹாலந்து. கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல் அவ்வகைப் பாறையால் ஆனது என்பதைக் கண்டு அப்பெயரை அவர் இட்டார்; சென்னைக்கு அருகிலுள்ள பல்லாவரம் பகுதியே அப்பாறையின் மூலமாதிரி இடமாகக் கொள்ளப்படுகிறது. குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், ஹைப்பர்ஸ்தீன் முதலிய கனிமங்கள் அதில் கண்ணால் பிரித்தறியும் அளவுக்கு வளர்ந்த படிகங்களாக இருக்கின்றன. சேர்வராயன் மலையின் சார்னோக்கைட், ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், 25 கிலோமீட்டர் அளவிலான ஆழத்தில், 700 °C அளவும் அதற்கு மேலுமான வெப்பத்தில் பழைய பாறைகள் மறுபடிகமானதால் உருவானது. அந்த ஆழத்தில் வெப்பம் வெளியேற வழி குறைவு என்பதால், அணுக்கள் தமக்கு உரிய இடத்தைத் தேடி அடைய எல்லையற்றது போன்ற அவகாசம் இருந்தது. ஆகவே பாறையில் கண்ணாடிக்கு இடமே இல்லாமல் போயிற்று.

இதற்கு நேர் எதிரான நிலை கங்கவல்லியில் காணப்படுகிறது. அங்கு வடவடகிழக்கு, தென்தென்மேற்குத் திசையில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீளமும் ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் அகலமும் கொண்ட பிளவுப் பெயர்ச்சி மண்டலம் ஒன்று சார்னோக்கைட்டை அறுத்துச் செல்கிறது. பழங்காலத்து நிலநடுக்கங்களின்போது பிளவின் இருபுறப் பாறைகளும் ஒன்றின்மீது ஒன்று உராய்ந்த வேகத்தில் உண்டான வெப்பம், தொடும் இடத்தில் பாறையை உருக்கியது. உருகல் பக்கத்திலுள்ள வெடிப்புகளுக்குள் பாய்ந்து, சுற்றியிருந்த குளிர்ந்த பாறையிடம் தன் வெப்பத்தை இழந்து இறுகியது. இவ்வகை நரம்புகளுக்குப் போலிடாக்கிலைட் என்று பெயர். எரிமலைக் கருங்கண்ணாடியான டாக்கிலைட்டைத் தோற்றத்தில் ஒத்திருப்பதால் 1916இல் தென்னாப்பிரிக்கப் பாறைகளை ஆராய்ந்த ஷாண்ட் என்பவர் அப்பெயரைக் கொடுத்தார். கங்கவல்லி நரம்புகளை ஆராய்ந்தவர்கள், மயிரிழை போன்ற வெடிப்புகளை நிரப்பியவை முதல் பல பத்து மீட்டர் நீளமுள்ளவை வரை அவற்றைப் பதிவு செய்திருக்கின்றனர். உருகலின் வெப்பநிலை 1,000 °C-ஐத் தாண்டியிருக்க வேண்டும் என்றும் மதிப்பிட்டிருக்கின்றனர்.

அந்நரம்புகளின் பெரும்பகுதியில் கண்ணாடி இப்போது கண்ணாடியாக இல்லை என்பது மேலும் சிந்திக்கத்தக்கது. உருவானபோது படிகத்துக்குக் கிட்டாத காலம், பின்னர்ப் புவியின் வெப்பத்திலும் நீரின் துணையிலும் அதற்குத் தாராளமாகக் கிட்டியதால், கண்ணாடி உள்ளிருந்தே மாறி அல்பைட் என்னும் ஃபெல்ட்ஸ்பாரின் நுண்ணிய ஊசிப் படிகங்களாகிவிட்டது. இம்மாற்றத்தைக் கண்ணாடி நீங்கல் என்பர். கண்ணாடி நிலையானது அன்று, நிலையானதாகத் தோன்றும் அளவுக்கு மெதுவானது என்பதற்குச் சேலம் மாவட்டத்துப் பாறையைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

காப்பியும் விதையும்

சேலம் ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் 1820களில் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். அம்மலையின் வாழ்வாதாரமாகிவிட்ட அக்கொட்டையை வறுப்பதும் கண்ணாடி நிலைமாற்றத்தைக் கையாளும் கலையே. பச்சைக் காப்பிக்கொட்டையில் நூற்றுக்குப் பத்து முதல் பன்னிரண்டு பங்கு வரை ஈரம் இருக்கிறது. அதன் செல்சுவர்களை ஆக்கும் சர்க்கரைத் தொடர்கள் அறை வெப்பநிலையில் கண்ணாடி நிலையில் இறுகியிருக்கின்றன. வறுக்கத் தொடங்கியதும் கொட்டை அதன் நிலைமாற்ற வெப்பநிலையைக் கடந்து நெகிழ்கிறது. உள்ளே உண்டாகும் நீராவியும் கரியமில வாயுவும் அழுத்த, நெகிழ்ந்த சுவர் விரிந்துகொடுத்துக் கொட்டை பருக்கிறது. ஈரம் வெளியேறியபின் நிலைமாற்ற வெப்பநிலை உயர்ந்துவிடுவதால், வறுத்து ஆற்றிய கொட்டை மீண்டும் கண்ணாடி போல் நொறுங்கும் தன்மை பெறுகிறது. அதனாலேயே அதை எளிதாக அரைக்க முடிகிறது.

இங்கு நீரின் பங்கு முதன்மையானது. நீரின் நிலைமாற்ற வெப்பநிலை மிகத் தாழ்ந்தது என்பதால், அது எப்பொருளில் கலந்தாலும் அப்பொருளின் நிலைமாற்ற வெப்பநிலையைக் கீழே இழுக்கிறது. தூய உலர்ந்த சர்க்கரைக் கண்ணாடி ஏறத்தாழ 65 °C வரை இறுகியிருக்கும். நூற்றுக்குச் சில பங்கு ஈரம் ஏறினால் அது அறை வெப்பநிலையிலேயே பிசுபிசுக்கும். மழைக்காலத்தில் மூடாமல் விட்ட உடனடிக் காப்பித்தூள் கட்டியாவதன் காரணம் இதுவே: துகள்களின் புறப்பரப்பு ஈரத்தை உறிஞ்சிக் கண்ணாடி நிலையை இழந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது.

விதைகளில் இந்த இயற்பியல் உயிரைக் காக்கும் கருவியாகிறது. உலர்ந்த விதையின் செல்களுக்குள் இருக்கும் சர்க்கரைகளும் புரதங்களும் நீர் குறைந்தபின் கண்ணாடியாக இறுகி, உயிர்ச்செயல்களையும் சிதைவுகளையும் ஒருங்கே மந்தப்படுத்துகின்றன. விதை வங்கிகள் விதைகளை உலர்த்தி -18 °C அளவில் வைப்பது அக்கண்ணாடி நிலையை உறுதிப்படுத்தவே. காப்பி விதையோ இதற்கு முழுமையாக இணங்குவதில்லை. ஓரளவுக்கு மேல் உலர்த்தினாலும் குளிர்வித்தாலும் அது முளைப்புத்திறனை இழக்கிறது. 1990இல் எல்லிஸ், ஹாங், ராபர்ட்ஸ் என்னும் மூவர் காப்பி விதையை ஆராய்ந்தே, உலர்த்திக் குளிர்வித்துக் காக்கத்தக்கவை, உலர்ந்தால் உயிரிழப்பவை ஆகிய இரு வகைக்கும் இடைப்பட்ட விதைகள் என்ற புதிய பிரிவை வகுத்தனர். ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத்துறை நடத்தும் தேசிய ஆர்க்கிட் தோட்டத்தில் பேணப்படுவன போன்ற அரிய செடிகளின் திசுக்களை நெடுங்காலம் காக்க உலகெங்கும் கையாளப்படும் வழிகளுள் ஒன்றும் கண்ணாடியாக்கலே: செல்லின் நீரில் ஒரு பகுதியை நீக்கி, அடர்ந்த காப்புக் கரைசலில் ஊறவைத்து, -196 °C வெப்பநிலையுள்ள திரவ நைட்ரஜனில் சட்டென அமிழ்த்தினால், செல்லைக் கிழிக்கும் பனிப்படிகம் தோன்றும் முன்னரே உள்ளிருப்பது கண்ணாடியாகிவிடுகிறது. ஜப்பானைச் சேர்ந்த அகிரா சகாய் 1990இல் வெளியிட்ட கரைசல் முறை இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது.

தீராத சிக்கல்

பாகுநிலை வெப்பநிலையோடு மாறும் விதம் எல்லாத் திரவங்களிலும் ஒன்றாக இல்லை. ஆஸ்டின் ஏஞ்சல், 1980களில், நிலைமாற்ற வெப்பநிலையை அளவுகோலாக வைத்துப் பல திரவங்களை ஒரே வரைபடத்தில் இட்டபோது, சிலிக்கா போன்ற வலைப்பின்னல் திரவங்கள் சீராக ஏறுவதும், பல கரிமத் திரவங்கள் முதலில் மெதுவாகவும் பின்னர்ச் செங்குத்தாகவும் ஏறுவதும் தெரியவந்தது. முன்னவற்றை வலிய திரவங்கள் என்றும் பின்னவற்றை நொய்ய திரவங்கள் என்றும் அழைப்பர். நொய்ய திரவங்களின் போக்கை விவரிக்க 1920களில் ஃபோகல், ஃபுல்ச்சர், டாமன் ஆகியோர் தனித்தனியே கண்ட சூத்திரம், நிலைமாற்ற வெப்பநிலைக்குக் கீழே ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் பாகுநிலை முடிவிலியாகும் என்று காட்டுகிறது. அத்தகைய வெப்பநிலை உண்மையில் உண்டா என்பதே வழக்கு.

வால்டர் கௌஸ்மன் 1948இல் அவ்வழக்கைக் கூர்மையாக்கினார். ஒழுங்கின்மையின் அளவான என்ட்ரோபி, அதிகுளிர்ந்த திரவத்தில் படிகத்தைவிட வேகமாகக் குறைகிறது. அப்போக்கை நீட்டிப் பார்த்தால், தனிச்சுழி வெப்பநிலைக்கு வெகு மேலேயே ஒரு வெப்பநிலையில் திரவத்தின் என்ட்ரோபி படிகத்தினுடையதற்குச் சமமாகிவிடும். ஒழுங்கற்ற திரவம் ஒழுங்கான படிகத்தைவிடக் குறைந்த ஒழுங்கின்மை கொள்வது பொருந்தாததால், அதற்கு முன்னரே ஏதோ ஒன்று நிகழ வேண்டும். மறைந்திருக்கும் மெய்யான நிலைமாற்றம் ஒன்று அங்கே இருக்கிறது என்று ஒரு சாரார் கருதுகின்றனர். 1965இல் ஆடமும் கிப்ஸும் என்ட்ரோபி குறையக் குறைய ஒருங்கே நகர வேண்டிய மூலக்கூறுகளின் தொகை வளர்வதாக விளக்கினர். 1980களில் கிர்க்பாட்ரிக், திருமலை, வொலின்ஸ் ஆகியோர் ஒழுங்கற்ற காந்தங்களின் கோட்பாட்டிலிருந்து அக்கருத்துக்கு வலுச்சேர்த்தனர். அக்காந்தங்களின் கணக்கைத் தீர்த்த ஜார்ஜியோ பரிசி 2021இல் நோபல் பரிசு பெற்றார். நிலைமாற்றம் எதுவும் இல்லை, இயக்கத்தின் விதிகளே மந்தத்தை விளைவிக்கின்றன என்பது மறுசாராரின் கருத்து. கண்ணாடியின் இயல்பைத் திண்மக் கோட்பாட்டின் மிக ஆழமான தீராச் சிக்கலாகக் கருதலாம் என்று 1995இல் ஃபிலிப் ஆண்டர்சன் எழுதியது இன்றும் பொருந்துகிறது.

இவ்வாராய்ச்சியில் சேர்வராயன் மலைக்கு அண்மையிலுள்ள பெங்களூருவுக்குத் தனியிடம் உண்டு. திரவம் உறைவதை அதன் அமைப்பிலிருந்தே கணிக்கும் கோட்பாட்டை 1979இல் யூசுப்புடன் சேர்ந்து அளித்த டி. வி. ராமகிருஷ்ணன் பின்னர் இந்திய அறிவியல் கழகத்தில் பணியாற்றினார். ஜவகர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தின் ஸ்ரீகாந்த் சாஸ்திரி, திரவத்தின் ஆற்றலை மலையும் பள்ளத்தாக்குமான பரப்பாகக் கணினியில் ஆராய்ந்து, திரவம் குளிரும்போது எந்தப் பள்ளங்களில் அது தங்குகிறது என்பதற்கும் அதன் இயக்கம் மந்தமாவதற்கும் உள்ள தொடர்பை 1998இலும் 2001இலும் காட்டினார். 2009இல் ஸ்மரஜித் கர்மாகர், சந்தன் தாஸ்குப்தா ஆகியோருடன் இணைந்து, தளர்வு நேரம் நீள்வதோடு ஒருங்கியங்கும் பகுதியின் நீளமும் வளர்வதை ஆராய்ந்தார். 2015இல் அஜய் சூத், ராஜேஷ் கணபதி ஆகியோரின் குழு, நுண்ணோக்கியில் தனித்தனியே காணத்தக்க கூழ்மத் துகள்களைக் கொண்டு, கண்ணாடியாகும் திரவத்தில் புலப்படாத ஒழுங்கு வளர்வதை நேரடியாகவே அளந்தது.

படிகமாகாமல் மெதுவாகக் குளிர்ந்த ஓர் உன்னதமான கண்ணாடியை ஆய்வுக்கூடத்தில் பெற இயலுமானால் இவ்வழக்கு தீர்வை நெருங்கும். ஆவியாகிய மூலக்கூறுகளை, நிலைமாற்ற வெப்பநிலைக்குச் சற்றுக் கீழே வைத்த தளத்தில் மெல்ல மெல்லப் படியச் செய்தால், மேற்பரப்பில் உள்ளவை விரைவாக நகர்ந்து நல்ல இடத்தை அடைகின்றன என்பதை விஸ்கான்சினில் மார்க் எடிகரின் குழு 2007இல் காட்டியது. அவ்வாறு உண்டான கண்ணாடிகள், சாதாரண முறையில் பெற ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தேவைப்படும் அளவுக்குச் செறிவும் நிலைப்பும் உடையவை.

சேலம் வட்டாரத்தின் கல்லூரிகளுக்கும் பள்ளிகளுக்கும் இதில் ஒரு வாய்ப்பும் கடமையும் உள்ளன. மலைத் தேனை வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்துப் படிகம் வளரும் வேகத்தை நுண்ணோக்கியால் அளப்பதற்கோ, காப்பித்தூள் எந்த ஈரப்பதத்தில் கட்டியாகிறது என்று பதிவு செய்வதற்கோ, கங்கவல்லி நரம்பின் ஓரத்திலும் நடுவிலும் படிக அளவு எப்படி மாறுகிறது என்று மெல்லிய பாறைச்சீவல்களில் பார்ப்பதற்கோ பெரும் கருவிகள் தேவையில்லை. அளவீட்டில் நேர்மையும் பொறுமையும் போதும். அவ்வளவீடுகள் ஒவ்வொன்றும், மூலக்கூறுகளின் காலத்துக்கும் மனிதர் அளக்கும் காலத்துக்கும் உள்ள விகிதத்தை நேரில் தொட்டுப்பார்ப்பதாகும். உலகின் முன்னணி இயற்பியலாளர் இன்னும் விவாதிக்கும் ஒரு சிக்கலின் சான்றுகள் ஏற்காட்டுத் தோட்டங்களிலும் ஆத்தூர்ப் பாறைகளிலும் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்க, அவற்றைத் தமிழ் மாணவர்கள் பாடநூலின் ஒற்றை வரியாக மட்டும் அறிந்து நின்றுவிடலாகாது.